கறிப்பங்குக்கு வந்த கஞ்சா

எங்கள் ஊரில் கஞ்சாவைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். தெரியாது என்று சொல்லத்தான் பழகியிருக்கிறோம்.

ஒருமுறை கோயில் மண்டபத்தில் விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தார்கள். வெளியூரிலிருந்து ஒரு ஐயா வந்து சுவரில் பெரிய படம் மாட்டினார். விரலை விரித்த மாதிரி ஒரு இலை. "இதுதான் கஞ்சா" என்றார். நாங்களும் அன்றுதான் பார்ப்பது போலப் பார்த்தோம். முன்வரிசையில் இருந்த ஒருவர் கையைத் தூக்கி, "ஐயா, இது எந்த மண்ணில நல்லா வரும்?" என்று கேட்டார். ஐயா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தேத்தண்ணியும் பணிசும் தந்தார்கள். கூட்டம் சிறப்பாக நடந்தது என்று எழுதிக்கொண்டு போனார்.

இலையாக நாங்கள் பார்த்ததில்லை என்பது உண்மைதான். எங்களுக்கு அது பொதியாகத்தான் வரும். கேரளக் கஞ்சா என்று பேப்பரில் போடுவார்கள். கேரளத்துக்கு நான் போனதில்லை. அங்கிருந்து எங்களைத் தேடி வருகிற ஒரே விருந்தாளி இதுதான். நேவி துரத்தினால் கொண்டுவருகிறவர்கள் பொதியைக் கடலில் தள்ளிவிட்டு ஓடுவார்கள். கடல் அதை வைத்துக்கொள்ளாது. கரைக்கு அனுப்பும். கரையில் நாங்கள் நிற்கிறோம்.

நான் கரைவலைக்கு மண்டாடி. வலையை எங்கே வளைப்பது, எப்போது இழுப்பது, வந்ததை எப்படிப் பிரிப்பது என்று சொல்கிறவன் மண்டாடி. வலையும் பாடும் சம்மாட்டி அக்காவுடையவை. பாடு என்றால் வலை இழுக்க அரசாங்கம் ஒதுக்கித் தந்த கரைத்துண்டு. எங்கள் பாடு மன்னார் தீவில் தோட்டவெளிப் பக்கம். அக்காவின் புருசன் இறந்த பிறகு பெர்மிட் அக்காவின் பெயருக்கு வந்தது. வலையில் ஏதும் பிழை நடந்தால் அக்காதான் கந்தோரில் அதிகாரிக்கு முன்னால் நிற்க வேண்டும்.

இடையில் சில வருடம் டிராக்டர் வைத்து இழுத்தோம். பிறகு அது கூடாது என்றார்கள். கடலின் அடி பழுதாகிறதாம். இப்போது திரும்பவும் தோளால் இழுக்கிறோம். தோள் பழுதாவதற்கு இன்னும் ஒருவரும் சட்டம் போடவில்லை.

கரைவலையில் ஒரு வழக்கம் உண்டு. வலையின் பையான மடி கரைக்கு வந்ததும், மீனை விற்கிறதுக்கு முன்னால், கயிற்றில் கைவைத்த எல்லாருக்கும் கறிப்பங்கு. காலையிலிருந்து இழுத்தவனுக்கும் ஒரு கை மீன். கடைசியில் வந்து கயிற்றைத் தொட்டவனுக்கும் ஒரு கை மீன். ஆளைப் பார்க்கக் கூடாது. முகம் பார்த்துப் பங்கு போட்டால் நாளைக்கு ஒருவரும் கயிற்றுக்கு வர மாட்டார்கள். நான் குனிந்தபடியே அள்ளுவேன், குனிந்தபடியே போடுவேன். முன்னால் நீளுகிற பை யாருடையது என்று நிமிர்ந்து பார்ப்பதில்லை. இருபத்தைந்து வருடமாக அப்படித்தான். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

மீன் என்று இல்லை. மடியில் எது வந்தாலும் பொது. ஒருமுறை ஒரு தேக்குக்கட்டை வந்தது. அரிந்து பங்கு போட்டோம். ஒருவனுக்குக் கதிரைக்கால் அளவு கிடைத்தது. அவன் வீட்டில் கதிரை இல்லை. இருந்தாலும் வாங்கிக்கொண்டு போனான். நீதி என்றால் நீதி.

கயிற்றில் என் தங்கையின் புருசனும் நிற்பான். அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மச்சான் முன்பு வேறு ஆட்களின் படகில் தொழிலுக்குப் போனவன். அங்கேதான் கஞ்சா பழகினான். குளிருக்கு என்றான். முதல் ஆறு மாதம் அவனைப் போல நல்ல மனிசன் இல்லை. சிரிப்பான். சண்டை பிடிக்க மாட்டான். மூன்று கோப்பை சோறு சாப்பிடுவான். தன் கறியின் ருசி என்று தங்கை நினைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சிரிப்பு நின்றது. போன் கோபுரம் தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்றான். தன் போனைக் கொண்டுபோய்க் கடற்கரை மண்ணில் புதைத்தான். வீட்டு ஃபேனைக் கழற்றி உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்தான். தங்கை சமைத்ததைத் தங்கை முதலில் சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றான். அவள் நான்கு மாதம் அப்படிச் சாப்பிட்டுக் காட்டினாள்.

சுவாமியிடம் கூட்டிக்கொண்டு போனோம். நெற்றியில் சிலுவை போட்டுச் செபித்தார். நாட்டு மருந்து செய்கிற பரியாரியிடம் போனோம். "கஞ்சா மருந்துதான் தம்பி. சுத்தி செய்து, அளவாக, லேகியத்தில போட்டால் எவ்வளவோ நோய் வருத்தத்துக்குக் கேக்கும்" என்றார். அளவை யார் பார்ப்பது என்று கேட்டேன். "நான்தான்" என்றார். கடைசியில் மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பக்கத்தில் இருக்கிற இடத்துக்கு நாங்கள் எப்போதும் கடைசியில்தான் போவோம்.

அங்கே ஒரு டொக்டர் பிள்ளை நிறைய நேரம் எடுத்துக் கதைத்தார். "எல்லாருக்கும் இப்பிடி வாறேல்லை. சில பேற்ற மூளைக்கு இது ஒத்துக்கொள்ளாது. இவருக்கு ஒத்துக்கொள்ளாது. திரும்பக் கஞ்சா பத்தினால் திரும்ப வரும். அடுத்த முறை இதைவிட மோசமா வரலாம்" என்றார். மாதத்துக்கு ஒரு ஊசி. தினமும் குளிசை. தங்கை ஒரு நாளும் தவறவிடவில்லை. மச்சான் திரும்ப ஆளாகி மூன்று வருடம். கயிற்றில் எனக்குப் பின்னால் நிற்பான். குறைவாகக் கதைப்பான். இழுக்கும்போது நன்றாக இழுப்பான்.

அன்று சம்மாட்டி அக்கா கரையில் இல்லை. கண் காட்ட மன்னார் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போயிருந்தார்.

காலை வலை. மடி கரைக்கு வரும்போதே பாரம். கயிற்றில் நின்ற ஒருவன், "மண்டாடி, சுறா எண்டு நினைக்கிறன்" என்றான். மடியை அவிழ்த்தால் சூடை மீன். நடுவில் கபில நிற டேப் சுற்றிய பொதி. கயிறு அறுத்ததில் பொதி வாய் பிளந்து கிடந்தது. உள்ளே இருந்தது நனைந்து மீனோடு ஒட்டியிருந்தது. சூடைக்குத் தாடி முளைத்த மாதிரி.

மடி அவிழ்ந்தும் ஒருவரும் மீனில் கைவைக்கவில்லை. எங்கள் கரையில் அது பெரிய அதிசயம்.

மீன் எடுக்க வந்திருந்த முஸ்லிம் வியாபாரி, நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், முதலில் வாய் திறந்தார்.

"அல்லாவே! மண்டாடி, நான் இண்டைக்கு இந்தப் பக்கம் வரவேயில்லை. விளங்குதோ?"

"விளங்குது நானா."

"அப்ப என்ர மீனைக் கெதியா நிறுங்கோ."

வராத மனிசன் கறிப்பங்குக்கு ஒதுக்கியது போக நான்கு பெட்டி சூடையைக் கழுவி ஏற்றிக்கொண்டு போனார். அன்று அந்தக் கரையில் புத்தியாக நடந்தவர் அவர் ஒருவர்தான்.

"திருப்பிக் கடலுக்க எறிவம்" என்றான் ஒருவன்.

"எறிஞ்சால் நாளைக்கும் எங்கட மடிக்குத்தான் வரும்" என்றேன்.

"நேவிக்குச் சொல்லுவம்."

"சொன்னால் பின்னேரம் வரைக்கும் கரையில நிக்கவேணும். ஆர் கண்டது, ஆர் தொட்டது, அப்பன் பேர் என்ன, பாட்டன் பேர் என்ன..."

மீன் பொறுக்க வருகிற ஒரு மனிசி, "என்ன எல்லாரும் பிரேதத்தைப் பாக்கிற மாதிரிப் பாக்கிறியள்? மடியில வந்தது பொதுத்தானே" என்று தன் பையை நீட்டினார். "என்ர மனிசனுக்கு ஒரு மாதமா இருமல். ரசத்தில போட்டால் நல்லதாம்."

"சுவாமிக்கும் கோயில் பங்கு எடுக்கிறதோ?" என்று பின்னால் யாரோ ஒருவன் கேட்டான். சிரித்தார்கள். சிரித்ததும் பயம் போய்விட்டது. பைகள் நீண்டன.

நான் குனிந்தேன்.

பழக்கம் என்று சொல்லித் தப்பலாம். என் தோளும் அதில் ஒரு வாக்குப் போட்டது. நல்லெண்ணெயில் காய்ச்சிப் பூசினால் தோள் நோவுக்கு அதைப்போல வேறு இல்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சொன்னவருக்குத் தோள் நன்றாகத்தான் இருந்தது.

ஆளுக்கு ஒரு கை சூடை. ஆளுக்கு ஒரு கை அது. மீனோடு சேராமல் தனிப் பொலித்தீன் பையில் போட்டு, வலைக் கிழிசல் பொத்துகிற நூலால் வாயைக் கட்டிக் கொடுத்தேன். வலை முடிச்சு. ஈரத்தில் இன்னும் இறுகும். இவ்வளவு ஒழுங்காக ஒருவரும் சட்டத்தை மீறியிருக்க மாட்டார்கள். கோயில் பங்கை மட்டும் எடுக்கவில்லை. அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. பாதிப் பொதி மிஞ்சியது. சாக்கில் சுற்றித் தோணிக்குள் வைத்தேன்.

வீட்டுக்குப் போனேன். என் மனிசி அடுப்படியில் நின்றாள்.

"என்ன நாத்தம் இது?"

"கறிப்பங்கு."

பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"விசரோ உங்களுக்கு?"

"தோளுக்கு. எண்ணெயில காய்ச்சித் தா."

திட்டிக்கொண்டே எண்ணெயைச் சட்டியில் ஊற்றினாள். திட்டு வேறு, வேலை வேறு என்று நடத்துகிறவள். நான் முடிச்சை வெட்டி உள்ளே இருந்ததைச் சட்டியில் கொட்டினேன். வீடு முழுக்க மணந்தது. ஊரில் வேறு வீடுகளிலும் அன்று அதே மணம்தான், அதனால் பிழையில்லை.

கிளறிக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

"எல்லாருக்குமோ குடுத்தனீங்கள்?"

"கயிறு பிடிச்ச எல்லாருக்கும்."

"என்ர மச்சாளின்ர மனிசனுக்கும்?"

அகப்பை நின்றது.

அவன் கயிற்றில் நின்றான். பை நீண்டது. நான் போட்டேன். அந்தப் பையைப் பிடித்திருந்த கையைக்கூட நான் பார்க்கவில்லை. என் முடிச்சு மட்டும் ஞாபகம் இருந்தது.

தங்கை வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி. சைக்கிளில் போனேன். கேற்றில் மீன் பை கொழுவியிருந்தது. சைக்கிள் இல்லை.

தங்கை வாசலுக்கு வந்தாள்.

"மீனைக் கேற்றில கொழுவிப்போட்டு இறங்காமலே போயிட்டார். கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பாக்கேல்லை. கையில இன்னொரு பை. என்ன குடுத்தனீங்கள் அண்ணை?"

சொன்னேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். வாசற்படியில் குந்தினாள்.

"ஊருக்கெல்லாம் ஆளைப் பாக்காமல் பங்கு போடுறவர் எண்டு பேர். இருந்திட்டுப் போகட்டும். ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஆளைப் பாத்திருக்கலாம் அண்ணை."

"கூட்டிக்கொண்டு வாறன்."

"எந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வருவியள்? போன ஆளையோ, அதுக்கு முந்தின ஆளையோ?"

சைக்கிளைத் திருப்பினேன்.

மச்சானிடம் போன் இல்லை. மண்ணில் புதைத்ததற்குப் பிறகு வாங்கவில்லை. முன்பு அவன் இருந்து பத்துகிற இடங்கள் எனக்குத் தெரியும். கண்டல் பத்தைக்குள் பார்த்தேன். பழைய ஐஸ் கட்டிடத்துக்குப் பின்னால் பார்த்தேன். அங்கே வேறு ஆட்கள் இருந்தார்கள். என்னைக் கண்டு எழும்பினார்கள். யாரும் எழும்பத் தகுந்த ஆள் நான் இல்லை அன்று.

மன்னார் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பஸ்ஸுக்கு நிற்கிற சனத்துக்கு நடுவில் இரண்டு கழுதைகள் நின்றன. மச்சான் இல்லை. மீன் சந்தைக்குள் நுழைந்தேன். நானா காலையில் வராத கரையில் எடுத்த சூடையைப் பரப்பி வைத்திருந்தார்.

"நானா, என்ர மச்சானைக் கண்டனீங்களோ?"

"நான் இண்டைக்கு ஒருத்தரையும் காணேல்லை."

"நானா."

என் முகத்தைப் பார்த்தார். குரலை இறக்கினார்.

"பெருநிலத்துக்குப் போற பாலத்தால போனதைக் கண்டனான். சைக்கிள் ஹேண்டில்ல ஒரு பை. அந்தச் சாமான் அதுக்கயோ?"

"ஓம்."

"சாவடியில பொலிஸ் நிக்குது மண்டாடி. ஆளை மறிச்சாங்களெண்டால் ஆள் உள்ளுக்க. ஆள் மறிபடாமல் போய் எங்கையாவது மரத்தடியில இருந்தாரெண்டாலும் ஆள் உள்ளுக்க. வேற மாதிரி உள்ளுக்க."

அதைத்தான் நானும் வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். இன்னொரு வாயால் கேட்டபோது ஐஸ் பெட்டியின் மேல் குந்தினேன்.

"அந்தப் பக்கம் அவருக்கு ஆர் இருக்கினம்?" என்று கேட்டார்.

"பாப்பாமோட்டையில அவன்ர அக்கா."

என் போனில் காசில்லை, நானாவின் போனில் எடுத்தோம். அவள், "வந்தவன். தண்ணி குடிச்சான். கிணத்தடியில கொஞ்ச நேரம் நிண்டான். இரு, சோறு போடுறன் எண்டன். போயிட்டான்" என்றாள்.

"எந்தப் பக்கம்?"

"பாக்கேல்லை. ஏன், என்ன?"

"ஒண்டுமில்லை" என்றேன். மீனவ மக்கள் எல்லாரும் சொல்கிற பொய் அது.

அந்த நேரம் என் போன் அடித்தது. சம்மாட்டி அக்கா. கிளினிக்கிலிருந்து வந்துவிட்டார். கரையில் நிற்கிறார். யாரோ சொல்லிவிட்டார்கள்.

"தம்பி, உடன வா."

பாலம் ஒரு பக்கம். கரை ஒரு பக்கம். பாலத்தால் போய் அவனைப் பிடித்தாலும் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கரைக்குப் போனேன். பயந்தவன் போகிற பக்கம் அதுதான்.

அக்கா தோணியோரம் கதிரை போட்டு இருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கண்ணீர் வடிந்தது. எனக்காக இல்லை, மருந்து.

"கண்ணுக்கு என்னவோ விட்டிருக்கினம். பின்னேரம் வரைக்கும் ஒண்டும் தெரியாதாம். ஆர் நிக்கிறதெண்டும் தெரியேல்லை. நீதானோ தம்பி?"

"ஓம் அக்கா."

"பெர்மிட் ஆற்ற பேரில?"

"உங்கட பேரில."

"அப்ப ஆர் கோர்ட்டுக்குப் போறது?"

நான் தோணிக்குள் இருந்த சாக்கை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"நேவிக்கு நான் சொல்லிப்போட்டன். மடியில ஒரு பொதி வந்தது, எடுத்து வச்சிருக்கிறம், வாங்கோ எண்டு. நாலு மணிக்கு வருவினம். அதுக்குள்ள குடுத்ததெல்லாம் இந்தச் சாக்குக்க கிடக்கவேணும். ஆர் கொண்டுவந்து போட்டதெண்டு நான் காணன். எனக்குத்தான் கண் தெரியாதே."

செய்தி ஊருக்குள் ஓடியது. ஒவ்வொருவராக வந்தார்கள். பையைச் சாக்குக்குள் போடுவார்கள். ஒரு கணம் நிற்பார்கள். போவார்கள். பாவசங்கீர்த்தனத்துக்குக்கூட எங்கள் ஊர் இவ்வளவு ஒழுங்காக வரிசையில் நின்றதில்லை.

சிலரால் முழுதாகத் தர முடியவில்லை. ரசம் வைத்த மனிசி, "பாதி ரசத்துக்க போயிட்டுது" என்றார்.

"இருமல் எப்பிடி?" என்று அக்கா கேட்டார்.

"இருமேல்லை அக்கா. ரேடியோவுக்கு முன்னால இருந்து சிரிக்கிறார்."

"என்ன போகுது ரேடியோவில?"

"ரேடியோ போடேல்லை."

கயிற்றில் என்னோடு இழுக்கிற ஒருவன் ஈரத்தைக் காய வைக்காமலே சுருட்டி இழுத்திருக்கிறான். நெஞ்சு படபடவென்று அடித்து, இதோ சாகப்போகிறேன் என்று கத்தி, முச்சக்கர வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதற்குச் சூடை மீன் என்றானாம். பொய்யும் இல்லை. அவன் பங்கின் மிச்சத்தை அவன் மனிசி கொண்டுவந்தாள். சாக்குக்குள் எறிந்துவிட்டு என்னைப் பார்த்தாள். அக்காவுக்குத்தான் கண் தெரியாது, எனக்குத் தெரிந்தது.

மூன்று மணிக்கு அக்கா எழும்பி வந்து சாக்கைத் தூக்கிப் பார்த்தார். கையை உள்ளே விட்டுத் தடவினார்.

"தம்பி, இதில கொஞ்சம் ரசத்துக்க போயிட்டுதெல்லோ?"

"ஓம்."

"அப்ப ஏன் இது வந்ததை விடக் கூடிக்கிடக்கு?"

பார்த்தேன். எங்கள் பொதி நனைந்தது. சாக்குக்குள் காய்ந்த சரக்கும் கிடந்தது. கடதாசியில் சுற்றியது. பழைய சொக்லேட் பெட்டியில் போட்டது. ஊரில் யார் யாரோ இந்த நல்ல சந்தர்ப்பத்தைக் கண்டு வீட்டைத் துப்புரவாக்கியிருந்தார்கள். விழிப்புணர்வுக் கூட்டம் செய்யாத வேலையை அக்காவின் கண் மருந்து செய்தது.

இரண்டு பங்குதான் பாக்கி. ஒன்று என்னுடையது. வீட்டுக்குப் போய்ச் சட்டியில் இருந்த எண்ணெயைச் சாராயப் போத்தலுக்குள் ஊற்றிக் கொண்டுவந்தேன். ஊற்றும்போது தோளில் கொஞ்சம் பூசினேன். அதையும் சொல்ல வேண்டும். நோவு குறைந்ததா என்று கேட்டால் தெரியாது. அன்று தோளை நினைக்க நேரம் இல்லை. மருந்து அப்படித்தான் வேலை செய்யுமோ என்னவோ.

மற்றப் பங்கு மச்சானுடையது. தங்கை கரைக்கு வந்து, அக்காவின் கதிரைக்குப் பக்கத்தில் மண்ணில் இருந்தாள்.

மூன்றரைக்குப் பிறகு அவன் வந்தான். கடற்கரை மண்ணில் சைக்கிளை உருட்டிக்கொண்டு. சேட் முழுக்க வியர்வை. ஹேண்டிலில் பை தொங்கியது.

தங்கை எழும்பினாள். கிட்டப் போய் அவன் கண்ணைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். மூன்று வருடமாகத் தினமும் காலையில் பார்க்கிற பார்வை. பிறகு சைக்கிளை வாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கையடா போனனீ?" என்றேன்.

"பாப்பாமோட்டை."

"எதுக்கு?"

"எறிய."

"எறியேல்லையே."

"பாலத்தில எறியப் பாத்தன். கை விடேல்லை. சரி, அவிழ்ப்பம் எண்டு நிண்டன். அதுக்கும் கை வரேல்லை. சைக்கிளை உழக்கிக்கொண்டே போனன். அக்காவின்ர கிணத்துக்க போடுவம் எண்டால் அவள் குடிக்கிற தண்ணி. திரும்பி உழக்கினன்."

"சாவடியில மறிக்கேல்லையோ?"

"மீன் மணத்துக்குக் கையைக் காட்டிப் போ எண்டிட்டாங்கள்."

பையை என் கையில் தந்தான். என் முடிச்சு அப்படியே இருந்தது. நூலைப் பார்த்தேன். ஒரு பக்கம் பிசிர் கிளம்பியிருந்தது. பல் பட்ட அடையாளம். நிமிர்ந்து அவனைப் பார்த்தேன். அவன் கடலைப் பார்த்தான்.

என் முடிச்சு பல்லுக்கு அவிழாது. பையைக் கிழிக்க ஒரு விரல் போதும். காலையிலிருந்து பத்து விரலும் அவனிடம்தான் இருந்தன.

சாக்குக்குள் போட்டேன்.

"எல்லாம் வந்திட்டுதோ தம்பி?" என்று அக்கா கேட்டார்.

"வந்திட்டுது அக்கா. கடைசியா வந்ததுதான் முழுசா வந்தது."

நான்கு மணிக்கு நேவி வந்தது. சாக்கை நிறுத்தார்கள். படம் எடுத்தார்கள். மடியில் வந்த பொதிக்குள் சொக்லேட் பெட்டி எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு ஐயா என் போத்தலைத் தூக்கினார்.

"இது என்ன?"

"தோளுக்கு, சேர்."

"குணமோ?"

"தெரியேல்லை சேர்."

மணந்து பார்த்தார். மண்ணில் ஊற்றினார். என் பெயரையும் அக்காவின் பெயரையும் எழுதினார். இனி எது வந்தாலும் தொடாமல் அறிவிக்க வேண்டும் என்றார். ஓம் என்றோம். அக்காவுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இந்த முறை நான் காணேல்லை. அடுத்த முறை எனக்குக் கண் தெரியும்."

அடுத்த நாள் பேப்பரில் சின்னதாக வந்தது. கரையில் கேட்பாரற்றுக் கிடந்த கஞ்சா மீட்கப்பட்டதாம். கேட்பாரற்று என்று ஏன் போட்டார்கள் என்று தெரியவில்லை. இருபது பேருக்கு மேல் பை நீட்டிக் கேட்டார்கள்.

மூன்று நாள் கழித்து வலை வளைத்தோம். ரேடியோவுக்கு முன்னால் சிரித்தவருக்கு இருமல் திரும்பி வந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவன் கயிற்றுக்கு வந்தான், சூடை மீன் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்றான். மச்சான் பின்னால் நின்றான். அதற்கிடையில் தங்கை அவனை ஊசித் திகதிக்கு முன்பே டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். நடந்ததை முழுதாகச் சொன்னார்களாம். என் பெயரையும் சேர்த்து.

மடி வந்தது. நல்ல பாரை. நான் குனிந்தேன். அள்ளினேன். முன்னால் ஒரு பை நீண்டது. கை நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். ரசம் வைத்த மனிசி. போட்டேன். அடுத்த பை. நிமிர்ந்து பார்த்தேன். போட்டேன். பங்கு முடிய இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. "மண்டாடிக்கு இண்டைக்கு என்ன, பொம்பிளை பாக்கிறாரோ?" என்று பின்னால் கேட்டார்கள்.

கடைசியில் மச்சான் வந்தான். பையை நீட்டவில்லை. கையில் சுருட்டிப் பிடித்திருந்தான்.

"மீன்தானே?" என்றான்.

"பார்."

குனிந்து என் கைக்குள் பார்த்தான். பார்த்த பிறகு பையை விரித்தான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துத்தான் போடுகிறேன். எல்லாருக்கும் அதே ஒரு கைதான். குனிந்து நிமிர்ந்து இப்போது கழுத்தும் நோகிறது. கழுத்துக்கு நல்ல எண்ணெய் ஒன்று இருக்கிறது என்று போன கிழமை ஒருவர் சொன்னார். அவருக்குக் கழுத்து நன்றாகத்தான் இருந்தது.